உலகப் பெருங்கடல் தரை
ஓவிய வரைபடம், 1977

ஆய்வு: மேரி தார்ப், புரூஸ் ஹீசன் (அமெரிக்கா)
ஓவியம்: ஹைன்ரிச் பெரான் (ஆஸ்திரியா)
நிதி: அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம்

கடல்நீரை முழுக்க இறைத்துவிட்டால் பூமி எப்படி இருக்கும் என்பதை இந்த ஓவியம் காட்டுகிறது. கப்பல்களிலிருந்து ஒலியலைகளை அனுப்பி அளந்த ஆழங்களே இதற்கு அடிப்படை. ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் பெண்களை ஆய்வுக் கப்பல்களில் ஏற்றுவதில்லை. ஹீசன் கொண்டுவந்த அளவுகளைத் தார்ப் கரையிலிருந்தபடியே படமாக்கினார்.

பனிப்போரின்போது, துல்லியமான ஆழக்கோட்டு வரைபடங்களை வெளியிட அமெரிக்கக் கடற்படை தடை விதித்திருந்தது. அதனால் இருவரும் மலைகளையும் பள்ளங்களையும் மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரையத் தொடங்கினர். பள்ளி மாணவருக்கும் புரியும் படம் கிடைத்ததற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரைப் பாருங்கள். அதன் முகட்டில் பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை 1950களின் தொடக்கத்தில் தார்ப் கண்டறிந்தார். ஹீசன் முதலில் நம்பவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு அதுவே பின்னர் வலுவான சான்றாயிற்று.

வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இறங்குவது தொண்ணூறு கிழக்கு மலைமேடு. நீளம் சுமார் 5,000 கி.மீ.

அளவுகள் கிடைக்காத இடங்களை, அருகிலுள்ள நில அமைப்பை வைத்து ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள்.