லயமும் லைனும்

மலேசியாவில், கெடா மாநிலத்துக் கூலிம் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு லயம் என்பது கச்சேரியில் கேட்ட சொல் அல்ல, வீட்டு விலாசம். ‘மேட்டு லயம், கடைசி வீடு’ என்றால் கல்யாணப் பத்திரிகை கொண்டு வருபவர் நேராக வந்து நிற்பார். அது இங்கிலீஷ் சொல் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

லைன் என்ற சொல் ஆங்கிலத்தில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. முதலில் அதற்குக் கயிறு என்றுதான் பொருள். லத்தீன் வரை பின்னால் போனால், ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல். நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தானே நேர் பார்க்கிறார்? அப்படித்தான் அங்கேயும் நூல் கோடாகி, கோடு வரிசையானது. வரிசை வரிசையாகத் தங்கிய படைக்கு, தங்கிய இடமே லைன்ஸ். பினாங்கில் சிப்பாய் லைன்ஸ் என்ற சாலை இன்றும் இருக்கிறது. பட்டாளத்துக்குக் கட்டியதுபோலவே ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கும் கட்டி, ‘கூலி லைன்ஸ்’ என்றார்கள் துரைமார். நம்மவர் வாயில் அது லயமானது. குதிரை லாயம் என்ற பழைய சொல்லும் அதற்குத் துணை வந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அது பரேடு. படுக்கிற இடம், கூடுகிற இடம் இரண்டுமே பட்டாளத்துச் சொல். இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாளில்தான், எங்கள் பெரியவர்களை எப்படி வைத்து வேலை வாங்கினார்கள் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. ஆனால் மரங்களின் வரிசையை யாரும் லைன் என்று சொன்னதில்லை. அது நிரை. ‘என் நிரையில பால் கொறஞ்சு போச்சு’ என்பார்கள். மரத்தின் வரிசைக்குச் சங்க காலத்துச் சொல் வாய்த்திருந்தது. மனிதர் குடியிருந்த வரிசைக்கு அது வாய்க்கவில்லை.

லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். அதுவும் பல இடங்களில் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். குழந்தை இரவில் இருமினால், விடிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை ஓமவல்லி இலையோடு வீட்டு முன்நடையான அஞ்சடியில் நிற்பார். குழாயடி பொது, சண்டை பொது, சாவு வீட்டுச் சமையலும் பொது. அந்த ஒட்டுறவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு வேலையோடு கட்டியது. வேலை போனால் வீடும் போகும். மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டித் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது பல குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. அதைத் தடுக்கத்தான் அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கினார். அப்படி வாங்கியவற்றில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமும் ஒன்று.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் தேவை குறைந்தது. 1996 இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. இன்டெல் வந்தது, 2006 இல் இன்ஃபினியன் வந்தது. பால் மரம் சீவியவர்களின் பேத்திகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். அங்கே போனால் அதே சொல் காத்திருந்தது: புரொடக்‌ஷன் லைன், லைன் லீடர். இந்த முறை யாரும் அதைத் தமிழாக்கிக்கொள்ளவில்லை. லைன் லைனாகவே இருக்கிறது. லயம் என்று திரித்துக்கொள்ள அங்கே அஞ்சடி இல்லை, குழாயடி இல்லை. முகமூடியும் வெள்ளை அங்கியும் போட்டபின் பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரிவதில்லை என்கிறார்கள்.

லூனாஸ் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒட்டி ஒட்டி நிற்கும் கல்வீட்டு வரிசையை இன்னமும் லயம் என்றுதான் சொல்கிறார். போன மாதம் நான் அங்கிருந்தபோது ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பேத்தி வந்தாள்.

“இன்னைக்கு வேற லைன்ல போட்டுட்டாங்க பாட்டி.”

பாட்டி தட்டில் சோற்றைப் போட்டபடி கேட்டார்: “பக்கத்துல யாரும்மா?”

“தெரியல பாட்டி.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா” என்றபடி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.