செவ்வாய்க்கு உள்ள தோஷம்

பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டால் போதும். தாயாருக்கு உறக்கம் போய்விடும், தகப்பனாருக்கு அலைச்சல் ஆரம்பமாகிவிடும். ஒருவனுக்குத் திடீரென்று செல்வம் சேர்ந்தாலோ, "சுக்கிர தசை அடிக்கிறது" என்கிறோம். இவ்வளவு காலமாகக் கிரகங்களைக் கொண்டு நம்முடைய ஜாதகத்தைப் பார்த்து வந்தோம். அக்கிரகங்களின் ஜாதகத்தையே ஒரு முறை பார்த்தால் என்ன?

செவ்வாய் ஒரு காலத்தில் நீர்வளம் பெற்றிருந்தது. ஆறுகள் அறுத்துச் சென்ற பள்ளங்கள் இன்றும் அங்கே காணப்படுகின்றன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கர் அனுப்பிய 'பெர்ஸிவரன்ஸ்' என்னும் யந்திர வண்டி, 'ஜெஸிரோ' என்ற பெரும் பள்ளத்தில் இறங்கியது. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது ஓர் ஏரி. அதில் ஒரு நதி வந்து கலந்து வண்டலைக் கொட்டியிருக்கிறது. இன்றோ அங்கே ஈரமில்லாத செம்மண்ணும் கடுங்குளிருந்தான்.

சூரியனுக்கு வெகு தூரத்தில் இருப்பதுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். பூமி சூரியனிலிருந்து 9 கோடியே 30 லட்சம் மைல். செவ்வாய் 14 கோடியே 20 லட்சம் மைல். ஆனால் நதி ஓடிய நாளிலும் தூரம் இதுவேதான்! அன்றைய சூரியன் இன்றைவிட மங்கலாகவும் இருந்தது. ஆகவே செவ்வாய் இழந்தது வெயிலை அன்று. தன்மேல் போர்த்திருந்த காற்றை.

காற்று எப்படித் தொலைந்து போகும்? ஒரு கல்லை மேலே எறிகிறோம். பூமியின் ஆகர்ஷண சக்தி அதைத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. வினாடிக்கு ஏழு மைல் வேகத்தில் எறிய வல்ல பீமசேனன் ஒருவன் இருந்து, இடையே காற்றின் தடையும் இல்லாதிருந்தால், அந்தக் கல் திரும்பவே திரும்பாது. காற்றின் அணுத்திரள்களும் இத்தகைய சிறு கற்களே, ஓயாமல் பறந்துகொண்டிருப்பவை. செவ்வாயின் பொருள்திணிவு பூமியில் பத்தில் ஒரு பங்கு. அங்கே தப்பியோட வினாடிக்கு மூன்று மைல் வேகம் போதும். சிறிய உடலாதலால் உட்சூடும் விரைவில் ஆறிற்று. அதனோடு கிரகம் முழுவதையும் காத்த காந்த சக்தியும் அவிந்தது. அதன்பின் சூரியனிடமிருந்து வீசும் மின்துகள் காற்று, செவ்வாயின் மேற்காற்றைத் தடையின்றி வாரிச் செல்லத் தொடங்கியது.

'மேவன்' என்னும் அமெரிக்க விண்கலம் 2014-இல் அங்கே சென்று இந்த நஷ்டத்தை அளந்தது. வினாடிக்கு ஏறக்குறைய நூறு கிராம்; அதாவது பன்னிரண்டு பவுன் எடை! கலியாணச் செலவுபோல் சிறிது சிறிதாகத்தான் போகிறது. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளில் குடும்பமே ஓட்டாண்டியாகிவிட்டது. அதே செப்டம்பர் மாதம் 24-ஆம் தேதி நம் தேசத்து மங்கள்யானும் செவ்வாயை அடைந்து, 2022 வரை தொடர்பிலிருந்தது. முதல் முயற்சியிலேயே அங்கே கலத்தைச் சேர்த்த பெருமை நமக்கு உண்டு.

போகட்டும், அதிருஷ்டக்காரச் சுக்கிரனைப் பார்ப்போம். பூமிக்கு ஏறக்குறைய ஈடான எடை. எனவே காற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்தது போதாதென்று அளவுக்கு மீறியும் பிடித்துவிட்டது. அங்கே காற்றின் அழுத்தம் நம்முடையதைப்போல் தொண்ணூறு மடங்கு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கரியமில வாயு. அது உஷ்ணத்தை வெளியே விடாமல் அடைத்து வைப்பதால், தரையில் 460 டிகிரி சென்டிகிரேட். ஈயம் உருகி ஓடும்! சுக்கிர தசையை விரும்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் பூமியும் சிந்தாத பாத்திரம் அன்று. மிக லேசான ஜலவாயு வினாடிக்கு மூன்று கிலோ அளவில் இங்கிருந்தும் தப்பிப் போகிறது. தண்ணீரில் மூன்றில் இரண்டு அணு ஜலவாயுவே என்பதை நினைத்தால், நம் சமுத்திரங்கள் எப்படி மிஞ்சின என்று கேட்கத் தோன்றும். அவற்றைக் காப்பது குளிர். நம் தலைக்கு மேலே, சுமார் பத்து மைல் உயரத்தில், பூஜ்யத்துக்கும் கீழே எண்பது டிகிரி அளவில் குளிர்ந்த ஒரு காற்றடுக்கு இருக்கிறது. கடலிலிருந்து எழும் நீராவியில் ஏறக்குறைய எல்லாமே அதைத் தாண்டுவதற்குள் பனித்துகளாகவும் நீர்த்துளியாகவும் மாறி, மழையாய்க் கீழே திரும்பிவிடுகிறது. மேலே சூரியனின் கடுங்கதிர் நீரை இரண்டாகப் பிளக்கக் காத்திருக்கும் இடம் வரைக்கும் அது போய்ச் சேருவதில்லை.