தெற்கின் தெருக்கள் – 6: சவன்னாவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

சவன்னாவில் வேகமாக நடக்க ஊரே விடாது. தங்கக் குவிமாடம் போட்ட நகர மன்றத்துக்கு எதிரே தொடங்குகிறது புல் தெரு. அதில் தெற்கு நோக்கிக் கிளம்பினால் சில நிமிடங்களில் வழியை மறித்துக்கொண்டு ஒரு சதுக்கம் வந்துவிடும். பெரிய லைவ் ஓக் மரங்கள், பாவிய நடைபாதை, பெஞ்சுகள், நடுவில் ஒரு சிலையோ தூணோ. கார்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடப்பவர்கள் நேராக உள்ளே நுழைந்து நிழலோடு போகலாம். வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் தெரு, பிறகு அடுத்த சதுக்கம். ஜான்சன், ரைட், சிப்பவா, மேடிசன், மான்டெரி என்று ஐந்தைக் கடந்தால் ஃபோர்சித் பூங்கா; அங்கே 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்று. மொத்தத் தூரம் ஒரு மைல்தான். அந்த ஒரு மைலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

அட்லாண்டாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர்ப் பெற்றோர் பலர், வார இறுதி என்றால் மாலுக்கும் கோயிலுக்கும் போய்த் திரும்புகிறார்கள். அங்கிருந்து காரில் நான்கு மணி நேரத்தில் சவன்னா வந்துவிடும். வந்ததும் காரை ஓரிடத்தில் நிறுத்தினால் ஞாயிறு மாலை வரை அதைத் தொட வேண்டாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அசேலியா பூத்திருக்கும். ஜூலையில் வியர்வை படுத்தும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைப் பார்த்துத் தேதி போடுவது நல்லது.

இந்தச் சதுக்கங்கள் பின்னால் வந்த அலங்காரம் அல்ல. ஊரைப் போட்டபோதே போட்டவை. 1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் நூற்றுச் சொச்சம் ஆட்களோடு சவன்னா நதியின் மேட்டுக் கரையில் வந்திறங்கினார். பிரிட்டனின் 13 அமெரிக்கக் காலனிகளில் கடைசியாகப் பிறந்த ஜார்ஜியாவுக்கு இதுதான் முதல் ஊர். நடுவில் ஒரு சதுக்கம். வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்தாக 40 வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு நான்கு பெரிய மனைகள். இது ஒரு வார்டு. ஊர் பெருகினால் பக்கத்திலேயே இதே அளவில் இன்னொன்று. நான்கில் தொடங்கிய சதுக்கங்கள் 1851-க்குள் 24 ஆயின. இன்று 22 இருக்கின்றன.

அந்தத் திட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஜார்ஜியாவில் அடிமை வைத்துக்கொள்ளக் கூடாது. காலனியை நடத்திய அறங்காவலர்கள் 1735-இல் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். பக்கத்துத் தென் கரோலினாவில் அடிமை உழைப்பில் நெல் விளைந்து பணம் கொட்டுவதைப் பார்த்த குடியேறிகள் பொறுக்கவில்லை. மனு மேல் மனு போட்டார்கள். 1751-இல் தடை போயிற்று. 1793-இல் சவன்னாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தங்கியிருந்த எலி விட்னி, பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார். அதன் பிறகு பருத்திதான் இந்த ஊருக்குப் படியளந்தது.

சவன்னாவின் அழகை ரசிக்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. இந்த ஊரின் நிதானம் யாருடைய நிதானமற்ற உழைப்பில் வந்தது என்று கேட்பதற்கு, இந்த ஊரின் பெஞ்சை விட நல்ல இடம் கிடையாது. உட்கார்ந்து பெயர்ப் பலகைகளைப் படித்தாலே பாதி வரலாறு கிடைத்துவிடும். மீதிப் பாதி, பெயர் இல்லாத இடங்களில் இருக்கிறது.

ரைட் சதுக்கத்தைப் பாருங்கள். ஓகல்தோர்ப் வந்தபோது இந்த மேட்டில் யமக்ரா மக்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவர் தோமோசிசி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். 1739-இல் அவர் இறந்தபோது இந்தச் சதுக்கத்தின் நடுவில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஓகல்தோர்ப்பே பாடையைச் சுமந்தவர்களில் ஒருவர். 1883-இல் அந்த இடத்தில் எழுந்தது ரயில்வே அதிபர் வில்லியம் கார்டனின் நினைவுத் தூண். அந்தச் செயலால் மனம் வருந்தியவர் கார்டனின் மருமகளேதான். அவர் முன்னின்று 1899-இல் சதுக்கத்தின் ஒரு மூலையில் தோமோசிசிக்கு ஒரு கருங்கல் பாறையை வைக்க வைத்தார். தூண் நடுவில், பாறை ஓரத்தில். இன்றும் அப்படியேதான்.

மேடிசன் சதுக்கத்தில்தான் அதிக நேரம் இருக்கச் சொல்வேன். மேற்கே, இரும்புப் பின்னல் வேலைப்பாட்டோடு கிரீன்-மெல்ட்ரிம் மாளிகை நிற்கிறது. சார்லஸ் கிரீன் என்ற ஆங்கிலேயப் பருத்தி வியாபாரி கட்டியது. உள்நாட்டுப் போரின்போது, 1864 டிசம்பரில், ஜார்ஜியாவை எரித்துக்கொண்டே வந்த வடக்குப் படைத் தளபதி ஷெர்மன், சவன்னாவை எரிக்காமல் இந்த வீட்டில் வந்து தங்கினார். ஊரையும், 150 பீரங்கிகளையும், சுமார் 25,000 பொதி பஞ்சையும் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதாக லிங்கனுக்குத் தந்தி கொடுத்தார். போர் நாட்களில் தெற்கின் துறைமுகங்கள் முற்றுகையில் கிடந்து, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு போகாமல் நின்றதால்தான் பம்பாயிலும் திருநெல்வேலிச் சீமையிலும் அந்த ஆண்டுகளில் பஞ்சு விலை ஏறியது. இங்கே தேங்கிய பொதிகள் நம் கரிசல் காட்டுச் சம்சாரி வரை எட்டின.

ஆனால் அந்த வீட்டில் நடந்த பெரிய காரியம் தந்தி அல்ல. 1865 ஜனவரி 12 இரவு, கறுப்பினப் போதகர்களும் தேவாலயப் பெரியவர்களுமாக 20 பேர் அங்கே அழைக்கப்பட்டார்கள். எதிரே ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டனும். 20 பேர் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர். வயது 67. ஆயிரம் டாலரைப் பொன்னாகவும் வெள்ளியாகவும் கொடுத்து, எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தன்னையும் மனைவியையும் விலைக்கு மீட்டவர். விடுதலை பெற்ற மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் தயங்கவில்லை. நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பிலேயே உழுது வாழ்வோம், பிறகு விலை கொடுத்து எங்களுடையதாக்கிக்கொள்வோம் என்றார். நான்கே நாளில் ஷெர்மனின் 15-ஆம் களச் சிறப்பாணை வந்தது: கடலோர நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் அந்த மண்ணில் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே திருப்பினார். உழுது விதைத்திருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அமெரிக்காவில் இன்றுவரை தீராத ஒரு கணக்கு இந்த வரவேற்பறையில் தொடங்கியது. இப்போது அந்த வீடு பக்கத்துத் தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கிறது, பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள்.

சனி பிற்பகலுக்கு இரண்டு வீடுகள் போதும். கொலம்பியா சதுக்கத்து டேவன்போர்ட் வீடு 1820-இல் கட்டியது. 1954-இல் சவன்னா தன் பழைய சிட்டி மார்க்கெட்டை இடித்து, எல்லிஸ் சதுக்கத்தின் மேல் கார் நிறுத்தும் கட்டடம் கட்டியது. அடுத்த ஆண்டு இந்த வீட்டுக்கும் இடிக்கும் ஆபத்து வந்தபோது ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி வீட்டை வாங்கினார்கள். அப்படிப் பிறந்த அமைப்புதான் ஹிஸ்டாரிக் சவன்னா ஃபவுண்டேஷன். இடிக்கக் காத்திருந்த வீடுகளை வாங்கி, பழுதுபார்த்துத் தருவோம் என்று உறுதி கொடுப்பவர்களுக்கே விற்றது. இன்று நாம் நடக்கும் ஊர் அந்தப் பிடிவாதத்தில் மிஞ்சியது. எல்லிஸ் சதுக்கத்தின் கட்டடத்தையும் பிற்பாடு இடித்துத் தள்ளி, 2010-இல் சதுக்கத்தை மீட்டார்கள்.

ஓகல்தோர்ப் சதுக்கத்து ஓவன்ஸ்-தாமஸ் வீடு 1819-இல் முடிந்தது. வில்லியம் ஜே என்ற இளம் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் வேலை. முன்பெல்லாம் சலவைக்கல், படிக்கட்டு, குழாய்த் தண்ணீர் என்று மாளிகையின் பெருமையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பெயரிலேயே அடிமைக் குடியிருப்பு சேர்ந்திருக்கிறது. பின்கட்டின் மேற்கூரையில் மங்கிய நீலப் பூச்சு. அவுரி, சுண்ணாம்பு, மோர் கலந்தது. தீய ஆவியை அண்டவிடாது என்று அங்கே வாழ்ந்தவர்கள் நம்பிப் பூசியது. மாளிகையின் எந்த அறையை விடவும் அந்தக் கூரையின் கீழ்தான் மனிதர்கள் இருந்தது எனக்குத் தெரிந்தது. ஊரெங்கும் காணும் சாம்பல் நிறச் செங்கல்லுக்கும் இங்கே மதிப்பு அதிகம். ஆற்றோரம் ஹென்றி மெக்கல்பின் என்பவரின் ஹெர்மிடேஜ் தோட்டத்தில் அடிமைகள் அறுத்துச் சுட்ட கல் அது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஜோன்ஸ் தெருவில் மிஸஸ் வில்க்ஸ் என்ற பழைய போர்டிங் வீட்டுச் சாப்பாட்டு அறை. முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரே மேசையில் நம்மூர்ப் பந்திபோல் உட்கார வேண்டும். பொரித்த கோழி, வெண்டைக்காய், அவரை வகைகள், சிவப்புச் சோறு எல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கைமாறி வரும். வார நாட்களில் மதியம் மட்டும்தான். எனவே வெள்ளி மதியமே வந்து சேர்வது புத்திசாலித்தனம். சனி ஞாயிறில் வருகிறவர்களுக்கு வேறு கடைகளில் இறாலும் கிரிட்ஸும் கிடைக்கும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோள ரவைக் கூழ். சிவப்புச் சோற்றை மட்டும் எங்கேயாவது தேடிச் சாப்பிட்டுவிடுங்கள். தக்காளியில் வெந்த அந்த அரிசிச் சோறு மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலோஃப் சோற்றின் வழி வந்தது. உப்பங்கழியில் அணை கட்டி நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களை அந்தக் கரையிலிருந்துதான் பிடித்து வந்தார்கள். அவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள் இந்தக் கடலோரத் தீவுகளில் இன்றும் தங்கள் பேச்சோடும் சமையலோடும் வாழ்கிறார்கள். இரவில் பிராட்டன் தெருவில் லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம். 1919-இல் தொடங்கிய கடை. வரிசை நீளமாக இருக்கும், ஆனாலும் நில்லுங்கள்.

ஞாயிறு காலை ஃபிராங்க்ளின் சதுக்கம். அங்கே ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. சபை 1773 முதல் தன் வரலாற்றை எண்ணுகிறது. இந்தக் கட்டடம் முடிந்தது 1859. பகலெல்லாம் எசமானுக்கு உழைத்துவிட்டு இரவில் வந்து, தங்கள் கையாலேயே செங்கல் அடுக்கியவர்கள் அடிமைகள். கீழ்த்தளப் பலகையில் வடிவமாகத் துளைகள் உண்டு. தப்பி ஓடுகிறவர்கள் அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுக்காக இட்டவை என்று சபையார் சொல்கிறார்கள். அதே 1859 மார்ச்சில் ஊருக்கு மேற்கே குதிரைப் பந்தயத் திடலில், கடன்பட்ட பியர்ஸ் பட்லர் தன் தோட்டங்களின் 400-க்கு மேற்பட்ட மனிதர்களை இரண்டே நாளில் ஏலம் விட்டார். அந்த நாட்களுக்கு அழுகைக் காலம் என்று பெயர் நின்றுவிட்டது. இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் செங்கல்லின் கனம் புரியும். ஞாயிறு வழிபாட்டுக்கு வெளியாரும் போகலாம். கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மெதுவாகத் தென்கிழக்கே நடந்தால் டெய்லர் சதுக்கம். 2022 வரை அதன் பெயர் கால்ஹூன். அடிமை முறையை நன்மை என்றே வாதிட்ட அரசியல்வாதியின் பெயர். ஊர்க்காரர்கள் போராடி அதை எடுக்கவைத்தார்கள். 2023 ஆகஸ்டில் நகர மன்றம் சூசி கிங் டெய்லரின் பெயரைச் சூட்டியது. ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரில் சவன்னாவின் முதல் சதுக்கம் இதுதான்.

சூசி 1848-இல் அடிமையாகப் பிறந்தவர். ஏழு வயதில் சவன்னாவில் பாட்டியிடம் வந்தார். அடிமைக்கு எழுத்தறிவிப்பது ஜார்ஜியாவில் குற்றம். ஒரு விதவைப் பெண், சுதந்திரக் கறுப்பினத்தவர், தன் வீட்டு அடுக்களையில் ரகசியமாகப் பள்ளி நடத்தினார். போலீசும் வெள்ளையரும் பார்க்காதபடி குழந்தைகள் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு உள்ளே போவார்கள். 1862-இல் போருக்கிடையில் குடும்பத்தோடு வடக்குப் படையின் பக்கம் தப்பிய சூசி, 14 வயதில் ஒரு தீவில் விடுதலை பெற்றவர்களுக்கு ஆசிரியை ஆனார். பிறகு கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் துணி வெளுத்தார், காயத்துக்குக் கட்டுப்போட்டார், ஓய்வு கிடைத்தபோது சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். போர் முடிந்து சவன்னா திரும்பித் தன் வீட்டிலேயே பள்ளி வைத்தார். அந்த வாழ்க்கையை அவரே எழுதி 1902-இல் வெளியிட்டார். காகிதம் சுற்றிய அந்தப் புத்தகங்கள் நமக்குத் தெரிய வந்ததும் அதனால்தான்.

புறப்படும் முன் ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். கப்பல்கள் பாரத்துக்காகக் கொண்டுவந்து கொட்டிய கற்களைப் பாவிய சரிவு, செருப்பு வழுக்கும். அந்தப் பக்கத்துத் தீவுக்குப் போய்வரும் சிறு படகில் கட்டணம் கிடையாது. படகுகளுக்குச் சவன்னாப் பெண்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பெயர் சூசி கிங் டெய்லர். எது முதலில் வருகிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் படகுதான் வேண்டுமென்று, வந்த ஒன்றை விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அடுத்த வாரம்: மிசிசிப்பிக் கரையில் நாட்செஸ்.

(தொடரும்)