கன்னம் வழுக்கட்டும், கழுத்து எரிய வேண்டாம்

காலையில் ஷேவ் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பும் ஆண்களில் பலருக்குப் பத்து மணிக்குள் கழுத்தில் எரிச்சல் தொடங்கிவிடுகிறது. வியர்வை பட்டால் சுரீரென்கிறது. சட்டைக் காலர் உரசும் இடம் சிவந்து, அங்கங்கே சின்னச் சின்னப் பொரிகளாகத் தடிக்கிறது. அது அடங்குவதற்குள் அடுத்த ஷேவிங் வந்துவிடும். வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள், ‘என் தோல் வாகு அப்படி’ என்று பழகிப்போகிறார்கள். பழகிக்கொள்ள வேண்டிய விஷயமில்லை இது. பெரும்பாலும் தோலின்மேல் குற்றம் இருப்பதில்லை. அதனிடம் நாம் அளவுக்கு மீறி வழவழப்பைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜ்களின் விலையும் பிளாஸ்டிக் குப்பையும் பிடிக்காமல், பழைய சேஃப்டி ரேசருக்கே திரும்புகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அப்பாவும் தாத்தாவும் கையாண்ட அதே கருவி. திருகினால் கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி என்று பிரியும். நடுவில் இருபக்கமும் கூரான ஒரு மெல்லிய பிளேடு. ‘நல்லா மழிக்குது, ஆனா வெட்டிடுது’ என்பதுதான் புதிதாக வாங்கியவர்கள் முதலில் சொல்வது. இரண்டுமே உண்மை. எவ்வளவு ஒட்ட மழிப்பது, தோலை எவ்வளவு விட்டுவைப்பது என்ற முடிவை இந்தக் கருவி முழுக்க நம் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த முடிவைச் சரியாக எடுக்கக் கற்றுக்கொண்டால், இதைப்போல இதமாக மழிக்கும் ரேசர் வேறு கிடையாது.

ஆறு மணி நேரத்துக்காக

முகத்தோலின் மேற்புறத்தில், நம்மைக் காக்கும் மிக மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். இறந்த செல்களும் அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்பும் சேர்ந்து உடலின் ஈரம் வெளியேறாமல் பிடித்துவைத்திருக்கின்றன. பிளேடு ஒவ்வொரு முறை போகும்போதும் முடியோடு சேர்த்து இந்த அடுக்கையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகிறது. ஒரு முறை, இரண்டு முறை என்றால் தோல் தாங்கிக்கொள்ளும். நுரை வடிந்துபோன இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தாங்காது. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றால், காவல் போய்விட்டது என்று பொருள்.

இன்னொரு பக்கம் முடி. தாடி முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மி.மீ. வளர்கிறது. ஆறு மணி நேரத்தில் 0.1 மி.மீ. ஷேவ் செய்யும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. முதல் சுற்றிலேயே முடியின் பெரும்பகுதி போய்விடும். இரண்டாவது சுற்று மிச்சத்தைச் சமன் செய்யும். அதற்குப் பிறகும் விரலால் தடவித் தடவிப் பார்த்து, மூன்றாவது, நான்காவது முறையாக நாம் துரத்துவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத்தான். காலை ஏழு மணிக்கு அதைப் பிடித்துவிட்டாலும், மதியம் ஒரு மணிக்கு அது திரும்பவும் வளர்ந்து நிற்கும். சுரண்டப்பட்ட தோல் ஆறுவதற்கோ நாட்கள் ஆகும். ஆறு மணி நேர வழவழப்புக்காக இரண்டு, மூன்று நாள் எரிச்சலை வாங்கிக்கொள்வது கட்டுப்படியாகாத பேரம்.

முகத்துக்கு ஏற்ற ரேசர்

கத்திக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் பழையது. 18ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸைச் சேர்ந்த கத்தித் தொழில் வல்லுநர் ழான்-ழாக் பெரே, சவரக்கத்தி ஆழமாக இறங்காதபடி அதற்கு மரக்காப்பு பொருத்தினார். 1880-ல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள், கைப்பிடிக்குக் குறுக்கே கத்தி அமையும் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் இவற்றின் கத்திகளையெல்லாம் அவ்வப்போது தீட்டியே ஆக வேண்டும். மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடக்கூடிய மெல்லிய பிளேடு வேண்டும் என்று நினைத்தவர், ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றுக்கொண்டிருந்த கிங் கேம்ப் ஜில்லெட். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கிக் கூர்தீட்ட முடியாது என்று பலரும் கைவிரித்தபோது, அதற்கான இயந்திரங்களை உருவாக்கிக் கொடுத்தார் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-ல் விற்றவை வெறும் 51 ரேசர்கள், 168 பிளேடுகள். மறுவருடமே ரேசர் விற்பனை 90,000-ஐ எட்டியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் வீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. அந்த வீரர்கள் ஊர் திரும்பியபோது, தினமும் காலையில் தன் கையால் ஷேவ் செய்துகொள்ளும் பழக்கமும் வீடுகளுக்குள் நுழைந்தது.

எல்லா சேஃப்டி ரேசரும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மழிப்பதில் வித்தியாசம் உண்டு. பிளேடின் விளிம்புக்கும் கீழே உள்ள தடுப்புப் பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. இடைவெளி குறைந்து, விளிம்பு உள்ளடங்கியிருந்தால் அது ‘மைல்ட்’ ரேசர். இடைவெளியும் நீட்டமும் கூடினால் ‘அக்ரெஸிவ்’. 1958-ல் ஜில்லெட் நிறுவனமே, கைப்பிடியின் மேல்பக்கம் திருகி 1 முதல் 9 வரை இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ரேசரைக் கொண்டுவந்தது. முகத்துக்கு முகம் தேவை மாறும் என்பதற்கு அந்த ஒன்பது எண்களே சாட்சி. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்கிறவருக்கு மைல்ட் ரேசர் போதும். வாரத்துக்கு ஒருமுறை அடர்ந்த தாடியை எடுப்பவருக்கு அது அடைத்துக்கொள்ளும். அவருக்குக் கொஞ்சம் திறந்த ரேசர் தேவைப்படும். புதிதாகத் தொடங்குகிறவர் மைல்டில் தொடங்குவதே நல்லது.

நிதானமாக இரண்டு சுற்று

ஒட்ட மழிப்பதில் பாதி வேலை, பிளேடு தோலைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தாலானது. உலர்ந்திருக்கும்போது விறைப்பாக எதிர்த்து நிற்கும். இரண்டு, மூன்று நிமிடம் நன்றாக ஈரத்தில் ஊறினால் உப்பி, இளகிவிடும்; வெட்டுவதற்கு வேண்டிய விசை வெகுவாகக் குறையும். அதனால்தான் குளித்த கையோடு ஷேவ் செய்வது உத்தமம். முடியாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை முகத்தில் ஒற்றிவைத்திருந்தால் போதும். பிறகு கிரீமையோ சோப்பையோ பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து நுரைக்க வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரைக்க மட்டுமாவது குடிநீர் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, முடியின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் தாடியில் விரலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் போனால் வழுக்கிப் போகிறதோ அது போக்கு. எந்தப் பக்கம் உரசுகிறதோ அது எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் முடி கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் சாய்ந்தும், கீழிருந்து மேலாகவும், சிலருக்குச் சுழியாகவும் இருக்கும். கழுத்து முழுவதும் மேலிருந்து கீழே இழுக்கிறவர், தனக்குத் தெரியாமலே பாதி இடத்தில் எதிர்ப்போக்கில் மழித்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு கோணம். ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை முகத்துக்கு நேர் எதிராக நீட்டிப் பிடியுங்கள். அங்கிருந்து கைப்பிடியை மெதுவாகத் தாழ்த்திக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பிளேடு முடியைக் கவ்வும். தோலோடு அது சுமார் 30 டிகிரி. அந்தக் கோணம் மாறாமல், இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மிகாமல், சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். தாடை எலும்பு வளையும் இடத்தில் கோணமும் கூடவே திரும்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அழுத்தாமல் இருப்பது. கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை வளைந்து கொடுக்கும். அதில் அழுத்திப் பழகிய கை, சேஃப்டி ரேசரிலும் அழுத்தும். உலோக ரேசரின் எடையே போதுமானது. கைப்பிடியின் நுனியைத் தளர்வாகப் பிடித்தால் அழுத்தவே தோன்றாது.

முதல் சுற்று, போக்கிலேயே. முகத்தைக் கழுவி, மறுபடியும் நுரை போட்டு, இரண்டாவது சுற்று குறுக்காக. பெரும்பாலானவர்களுக்கு இத்துடன் வேலை முடிந்தது. எதிர்ப்போக்கில் மூன்றாவது சுற்று போக விரும்பினால் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் நுரையோடு, தோல் ஒத்துக்கொண்டால் மட்டும்.

கழுத்தில் பொரி ஏன் வருகிறது?

தோலை இழுத்துப் பிடித்து எதிர்ப்போக்கில் மழிக்கும்போது, முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படுகிறது. பல பிளேடு கார்ட்ரிட்ஜிலும் இது நடக்கும்: முன்னே போகும் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, பின்னால் வருவது இன்னும் கீழே வெட்ட, மீதி உள்ளே போய்விடும். அந்த நேரத்துக்குத் தடவிப் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் கூரான முனையோடு உள்ளே நிற்கும் முடி, மறுபடி வளரும்போது வெளியே வரும் வழியிலேயே தோலைக் குத்திக்கொண்டு உள்ளே நுழையலாம். சுருள் முடிக்காரர்களுக்கு, வெளியே வந்த முடியே வளைந்து பக்கத்துத் தோலில் இறங்கும். உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. வீக்கமும் பொரியும் கருந்தழும்பும் மிஞ்சுகின்றன. கறுப்பின ஆண்களிடம் இந்தப் பிரச்சினை மிக அதிகம். அமெரிக்க ராணுவத்தில் தாடியை மழிப்பதிலிருந்து மருத்துவ விலக்கு கேட்க இதுவே முக்கியக் காரணமாக இருந்துவருகிறது. நம் ஊரிலும் சுருள் தாடிக்காரர்கள் இதை அனுபவிக்கிறார்கள்.

இவர்களுக்கு மருந்து இன்னும் கூரான பிளேடில் இல்லை. முடியைத் தோலுக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. போக்கில் ஒரே சுற்றோடு நிறுத்தலாம்; ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டுவைக்கலாம். பொரிகள் சீழ் வைத்தாலோ வலித்தாலோ மழிப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிளேடில் சிக்கனம் வேண்டாம்

முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் கெடுகிறது? 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விடை வெளியிட்டார்கள். விளிம்பு சீராகத் தேய்ந்து மழுங்குவதைவிட, நுண்ணிய சில்லுகளாக உடைகிறது. முடி வளைந்து பிளேடைச் சாய்வாகத் தாக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் இந்த உடைவு தொடங்குகிறது. அப்படி உடைந்த விளிம்பு முடியை இழுக்கும். இழுப்பதை உணர்ந்த கை தானாக அழுத்தும். எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. ஐந்து முதல் ஏழு ஷேவிங்குக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள். முடி இழுபடுவது தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். சேஃப்டி ரேசர் பிளேடு விலை மலிவு. இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அடுத்தவர் பயன்படுத்திய பிளேடை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. சலூனில் புதுப் பிளேடை உங்கள் கண் முன்னே ஒடித்து மாட்டச் சொல்வது உங்கள் உரிமை.

பழைய பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்துவையுங்கள். அப்படியே குப்பையில் போடும் பிளேடு, தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும்.

இந்தியக் குவளை கற்றுக்கொடுத்தது

2000-களின் தொடக்கத்தில் ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென ஒரு ரேசரை உருவாக்கி, எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தது. இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் முடி அடைத்துக்கொண்டது. மாணவர்களுக்கு அமெரிக்கக் குழாயில் கொட்டிய தண்ணீர், இங்கே பலருக்கு ஒரு குவளைதான் என்பதை நிறுவனம் கவனிக்கத் தவறியிருந்தது. பிறகு அதன் ஆட்கள் இந்திய வீடுகளுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியும் ஒரு குவளைத் தண்ணீருமாக ஆண்கள் ஷேவ் செய்வதைப் பார்த்தார்கள். அதன் விளைவாக 2010-ல் வந்தது ‘ஜில்லெட் கார்ட்’: ஒரே பிளேடு, எளிதில் அலசக்கூடிய அமைப்பு, ரேசர் 15 ரூபாய், மாற்று கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். பிளேடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போன நிறுவனம், இங்கே ஒட்ட மழிப்பதைவிட வெட்டாமல் மழிப்பதற்கு முதலிடம் கொடுத்தது. வீட்டில் பழைய ரேசரை வைத்திருக்கும் நாமும் அதே வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

ஷேவிங் முடிந்த பிறகு

குளிர்ந்த நீரால் கழுவி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். சிறு வெட்டு இருந்தால் ஈரமான படிகாரக்கல்லை வைத்தால் இரத்தம் நிற்கும். முகம் முழுக்க படிகாரம் தடவுகிறவர்கள் சிறிது நேரத்தில் கழுவிவிடுவது நல்லது. இல்லையென்றால் தோல் வறளும். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் சுரீரென்று எரிந்தால்தான் கிருமி சாகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த எரிச்சல் தோல் சுரண்டப்பட்டதன் அடையாளம் மட்டுமே. வாசனை அதிகமில்லாத மாய்ஸ்சரைசர் போதும். படிகாரம் எங்கே அதிகமாகச் சுரீரென்கிறதோ, அங்கே அடுத்த முறை ஒரு சுற்றைக் குறையுங்கள்.

முகம் மழமழவென்று இருந்தால்தான் ஒழுங்கு, சுத்தம் என்று அலுவலகங்களும் சீருடைப் பணிகளும் கல்லூரிகளும் இன்னமும் வற்புறுத்துகின்றன. ஒரு மில்லிமீட்டர் முடியில் அழுக்கு ஒன்றும் ஒளிந்திருப்பதில்லை. தினமும் மழித்தால் கழுத்து புண்ணாகிறது என்று ஒருவர் சொன்னால், அதை மருத்துவக் காரணமாக ஏற்று விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை மேலதிகாரிகளுக்கு வர வேண்டும். அதுவரை, கண்ணாடி முன் நிற்கும்போதாவது நமக்கு நாமே அந்தச் சலுகையைக் கொடுத்துக்கொள்ளலாம். இரண்டு சுற்று முடிந்ததும் ரேசரைக் கழுவி வைத்துவிடுங்கள்.