லூதருக்குக் கடைசியில் என்ன ஆச்சு?

ஜெர்மனி நாட்டு மார்ட்டின் லூதர் 1517-ல் 95 கருத்துகளை எழுதி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்தார் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். அப்புறம் அவர் என்ன ஆனார்? எனக்கு அதே சந்தேகம். நூலகத்தில் தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

கடைசி வருடங்களில் அவருக்கு நோய் மேல் நோய். சிறுநீரகக் கல், தலைசுற்றல், காதுக்குள் இரைச்சல். 1542-ல் மகள் மக்தலேனா அவர் கையிலேயே இறந்துபோனாள். வயது 13. என்னைவிட ஒரு வயசு சின்னவள்! அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.

மறுநாள் படித்தால் கோபம்தான் வந்தது. 1543-ல் யூதர்களை வெறுத்து ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தணும், வீடுகளை இடிக்கணும் என்கிறார். நோயும் துக்கமும் இருந்தால் இப்படி எழுதலாமா? போப்பையே எதிர்த்தவர், ஆள்பலம் இல்லாதவர்கள் மேல் பாய்ந்திருக்கிறார். பிற்காலத்தில் நாஜிகள் இந்த நூலைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள்.

1546 ஜனவரியில், மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களின் குடும்பத் தகராறைத் தீர்த்து வைக்க, கடுங்குளிரில் ஐஸ்லெபன் ஊருக்குக் கிளம்பினார். அவர் பிறந்த ஊரே அதுதான். வழியில் ஆற்றில் வெள்ளம். வீட்டில் மனைவி கத்தரினாவுக்கு ஒரே கவலை. அவரோ கேலி பண்ணியே கடிதம் போட்டிருக்கிறார். தகராறும் ஒருவழியாகத் தீர்ந்தது. பிப்ரவரி 17 ராத்திரி நெஞ்சுவலி. 18-ஆம் தேதி விடியுமுன் இறந்தார். வயது 62. கடைசியாக எழுதிய துண்டுச்சீட்டில், நாமெல்லாம் பிச்சைக்காரர்கள்தான் என்று எழுதி வைத்திருந்தார். உடலை விட்டன்பர்க் நகருக்குக் கொண்டுவந்து கோட்டைத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி