விலை உயர்ந்த பொம்மை வந்தால் வெற்றி நிச்சயமா?



நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், மதிய உணவு இடைவேளையில் பையன்கள் கேரம் ஆடுவார்கள். பழைய பலகை, ஓரத்தில் விரிசல் விட்ட ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர். அதைத்தான் எல்லாரும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பளபளப்பான புது ஸ்ட்ரைக்கர் ஒன்றைக் கொண்டு வந்தான். அவனுடைய மாமா பிறந்த நாளுக்கு வாங்கித் தந்தது. நல்ல கனம். தட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. உடனே சண்டை வந்துவிட்டது.

"சார், அதை வெச்சு ஆடினா அவன்தான் சார் ஜெயிப்பான். நாங்க ஆட மாட்டோம்!"

"எங்க மாமா எனக்குன்னு வாங்கித் தந்தது சார். நான் ஏன் அதுல ஆடக்கூடாது?"

மணி அடிக்கும் நேரம். எனக்கும் அவசரம். "இதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். சண்டை ஓய்ந்தது. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பையன் கேரம் பலகைப் பக்கமே வரவில்லை. நான் சொன்ன தீர்ப்பு சரிதானா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

இதே சண்டை, இதைவிடப் பெரிய அளவில், இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. மேஜை மேல் பொம்மைப் போர் விளையாடுகிறவர்கள் பல ஆண்டுகள் இதைப் பற்றி வாதாடினார்கள். அவர்கள் என்ன வழி கண்டார்கள்? பார்ப்போமா?

அது என்ன பொம்மைப் போர்?

ஒரு பெரிய மேஜை. அதன் மேல் அட்டை வீடுகள், சின்னச் சின்ன மரங்கள், மேடுகள். இரண்டு பக்கமும் பொம்மை வீரர்கள். சதுரங்கத்தில் இருப்பது போலக் கட்டங்கள் கிடையாது. ஒரு வீரன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்துவார்கள். சுட்ட குண்டு பட்டதா, படவில்லையா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். பொம்மைகளைக் கடையில் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, தூரிகையால் வண்ணம் தீட்டுவதும் இந்த விளையாட்டில் சேர்ந்ததுதான். ஒரு படையைத் தயாரிக்கப் பல மாதங்கள் கூட ஆகும்!

அரண்மனையில் தங்கிவிட்ட மேஜை

இந்த விளையாட்டின் தாத்தா, பிரஷ்யா நாட்டில் பிறந்தவர். இன்றைய ஜெர்மனி, போலந்து நாடுகளின் சில பகுதிகள் அன்று பிரஷ்யாவில் இருந்தன. ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812-ஆம் ஆண்டில், மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் என்ற அரசருக்கு ஒரு போர் விளையாட்டு மேஜையைப் பரிசளித்தார். சாதாரண மேஜை இல்லை. ஆறு, குளம், காடு, ஊர் என்று வண்ணம் தீட்டிய சதுரத் துண்டுகளை அடுக்கி, விரும்பியபடி நிலத்தை மாற்றி அமைக்கலாம். படைகளைக் குறிக்கப் பீங்கான் காய்கள். அவற்றைப் பத்திரமாக வைக்க மேஜையிலேயே இழுப்பறைகள். அரசர் குடும்பம் ஆசையாக விளையாடியது. ஆனால், அந்த மேஜையை வேறு யார் வாங்க முடியும்? அது அரண்மனையிலேயே தங்கிவிட்டது.

அவருடைய மகன் ராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரி. அவர் 1824-இல் அதே விளையாட்டை மாற்றி அமைத்தார். பீங்கான் போயிற்று, சிவப்பு, நீலம் பூசிய சிறு உலோகக் கட்டைகள் வந்தன. நிலத்துக்குப் பதில் காகித வரைபடம். கூடவே பகடை. தலைமைத் தளபதி அதைப் பார்த்து அசந்து போனார். நாடெங்கும் இருந்த படைப்பிரிவுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

கவனித்தீர்களா? விலை உயர்ந்த மேஜை ஒரே வீட்டில் நின்றுவிட்டது. எளிய காய்கள்தாம் எல்லாருடைய கைக்கும் போயின.

எழுத்தாளரின் சின்னப் போர்

அடுத்து, இங்கிலாந்துக்கு வருவோம். 'கால இயந்திரம்' எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்குப் பொம்மை வீரர்கள் என்றால் உயிர். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் இந்த விளையாட்டுக்கு ஒரு விதிப் புத்தகமே எழுதினார்.

அவர் காலத்தில் பொம்மை வீரர்கள் ஏராளமாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893-இல் உள்ளே வெற்றிடம் உள்ள பொம்மைகளை வார்க்கும் முறையைக் கொண்டு வந்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். அச்சை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். உடனே அச்சைக் கவிழ்த்து, நடுவில் இன்னும் இறுகாமல் இருக்கும் உலோகத்தை வெளியே கொட்டிவிடுவார்கள். கிடைப்பது உள்ளே கூடான பொம்மை. உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு.

வெல்ஸின் விளையாட்டில் பகடை கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் ஓர் அங்குல நீள மரக்குச்சியை வைத்துச் சுடுவார்கள். எந்த வீரன் விழுகிறானோ, அவன் அவுட்! காலாட்படை வீரன் ஒரு தடவைக்கு ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டு அடி. பொம்மை புதிதா, பழையதா, வண்ணம் உரிந்ததா என்பதைப் பற்றி மரக்குச்சிக்கு ஒரு கவலையும் இல்லை.

வெல்ஸ் இன்னொரு அருமையான விதி எழுதினார். போர்க்களத்தை, அதாவது வீடுகளையும் மரங்களையும், ஒருவர் அடுக்க வேண்டும். எந்தப் பக்கம் வேண்டும் என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். அண்ணன் மாம்பழத்தை வெட்டினால், தம்பி முதலில் துண்டை எடுப்பான் என்று அம்மா சொல்வார் இல்லையா? அதே நியாயம்தான்!

ஏன் இத்தனை விலை?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் 'வார்ஹேமர்' என்ற விளையாட்டையும், 1987-இல் 'வார்ஹேமர் 40,000' என்ற எதிர்காலப் போர் விளையாட்டையும் வெளியிட்டது. இவை உலகெங்கும் பரவின. வீரர்கள் கட்டை விரல் உயரம்தான் இருப்பார்கள்.

இதே நிறுவனம் 1998-இல் 'ஃபோர்ஜ் வேர்ல்ட்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. அபூர்வமான, பெரிய, நுணுக்கமான பொம்மைகளைச் செய்வது அதன் வேலை. அதில் 'வார்லார்ட் டைட்டன்' என்று ஒரு ராட்சத இயந்திர மனிதன் உண்டு. உயரம் அரை மீட்டருக்கும் மேல்! ஆயுதங்களோடு சேர்த்தால் விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டும். நம் கணக்கில் லட்சம் ரூபாய்க்கு மேல்!

ஏன் இவ்வளவு விலை? சாதாரணப் பிளாஸ்டிக் பொம்மைக்கு எஃகு அச்சு செய்வார்கள். அந்த அச்சு செய்யப் பல லட்சம் ரூபாய் செலவாகும். ஆனால், ஒரே அச்சில் லட்சக்கணக்கான பொம்மைகள் எடுக்கலாம். செலவு பங்கு போட்டுக்கொள்ளப்பட்டுவிடும். அபூர்வப் பொம்மையை அத்தனை பேர் வாங்க மாட்டார்களே! அதனால் சிலிக்கான் ரப்பரில் அச்சு செய்து, ரெசின் என்ற பிசின் போன்ற திரவத்தைக் கையால் ஊற்றி இறுக வைப்பார்கள். சில டஜன் பொம்மைகள் எடுப்பதற்குள் ரப்பர் அச்சு தேய்ந்துவிடும். மறுபடி புது அச்சு. ஆக, அந்த விலை கை வேலைக்கான விலை. வெற்றிக்கான விலை அல்ல.

விலை வேறு, புள்ளி வேறு

"அவன் பணக்காரன், ராட்சதப் பொம்மை வாங்கிவிட்டான். இனி அவனை யார் ஜெயிப்பது?" இதுதான் மற்றவர்களின் பயம்.

இதற்கு மருந்துதான் புள்ளி முறை. ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் பலத்துக்கு ஏற்பப் புள்ளி உண்டு. இரண்டு பேரும் ஒரே அளவு புள்ளிக்குத்தான் படை திரட்டலாம். வழக்கமான பெரிய ஆட்டம் 2,000 புள்ளி. பலமான பொம்மையைச் சேர்த்தால் புள்ளி தீர்ந்துபோகும், ஆட்கள் குறைவார்கள். நம்முடைய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். புலிக்குப் பலம் அதிகம்; ஆகவே 3 புலிகள்தான். ஆட்டுக்குப் பலம் குறைவு. ஆகவே 15 ஆடுகள். அதனால்தான் ஆட்டம் சமமாக இருக்கிறது. அந்த ராட்சத டைட்டனின் புள்ளி மட்டுமே இரண்டாயிரத்தைத் தாண்டும். சாதாரண ஆட்டத்தில் அதை நிறுத்தவே முடியாது!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். விலை உயர்ந்த பொம்மை எல்லாம் பலசாலி அல்ல. மேஜையில் பெரிய பொம்மை ஒன்று நின்றால், எதிராளியின் பீரங்கிகள் எல்லாம் அதையே குறி வைக்கும். மேலும் பல ஆட்டங்களில் வெற்றி என்பது எதிரியை வீழ்த்துவது அல்ல; மேஜையில் குறித்து வைத்த இடங்களைப் பிடித்துக்கொள்வது. ராட்சதன் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். மலிவான பத்து வீரர்கள் பிரிந்து போய்ப் பல இடங்களைப் பிடித்துவிடுவார்கள்!

அப்படியானால் சண்டை எதற்கு?

புள்ளி முறை இருந்தும் சண்டை தீரவில்லை. காரணம் பணம் மட்டும் அல்ல. அபூர்வப் பொம்மைகளின் விதிகள் பல ஆண்டுகள் தனிப் புத்தகங்களில்தான் வந்தன. அந்தப் புத்தகமும் விலை அதிகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்தே இருக்க மாட்டார். ஆட்டத்தின் நடுவில், "என் பொம்மைக்கு இந்தச் சக்தி உண்டு" என்று ஒருவர் சொன்னால், நம்புவதா வேண்டாமா? அங்கேதான் மனம் கசந்தது.

பொம்மையின் சொந்தக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் காசு சேர்த்து, இரவெல்லாம் விழித்து வண்ணம் தீட்டிய பொம்மை அலமாரியிலேயே தூங்க வேண்டுமா?

கடைசியில் ஒரு நல்ல பழக்கம் வந்தது. ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். "என்னிடம் இப்படி ஒரு பொம்மை இருக்கிறது. இதோ இதன் விதிகள், இதோ இதன் புள்ளி. இன்று இதை வைத்து ஆடலாமா?" என்று சொல்லி, விதிகளை எதிராளியின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் "சரி" என்றால் ஆட்டம். "இன்று வேண்டாம்" என்றால், வேறு படை. கோபம் கிடையாது. எதிராளியிடம் அந்த வகைப் பொம்மை இல்லையென்றால், அட்டையில் வெட்டிய உருவத்தை அதற்குப் பதில் வைத்துக்கொள்ள நண்பர்கள் ஒத்துக்கொள்வதும் உண்டு.

தெரிந்துகொள்ளுங்கள்!

* பழைய ஈயப் பொம்மைகளைத் தொட்டால் கை கழுவ வேண்டும். வாயில் வைக்கவே கூடாது. ஈயம் நஞ்சு.

* ரெசின் பொம்மையை அறுத்தாலும் தேய்த்தாலும் வரும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். பெரியவர்கள்தாம் முகமூடி அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

* அந்தக் காலத்தில் பொம்மை வீரனின் தலை உடைந்துவிட்டால், கழுத்தில் தீக்குச்சியைச் சொருகித் தலையை மறுபடி பொருத்துவார்கள். அவனும் போருக்குப் போவான்!

* வெல்ஸின் புத்தகம் வந்த மறு வருடமே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. உண்மைப் போர் வேண்டாம், பொம்மைப் போரே போதும் என்ற கருத்தைத் தம் புத்தகத்தின் முடிவில் அவர் எழுதியிருந்தார்.

மீண்டும் அந்த ஸ்ட்ரைக்கர்

கேரம் விளையாட்டுக்கும் விதி உண்டு, குழந்தைகளே. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. குறுக்களவு 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கள் அறிவியல் அறையில் தராசு இருந்தது. எல்லாப் பையன்களும் பார்க்க அந்த ஸ்ட்ரைக்கரை நிறுத்துப் பார்த்திருக்கலாம். எடை சரியாக இருந்தால், "இரண்டு பக்கமும் இதையே மாற்றி மாற்றி அடியுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். பையனுக்கும் பெருமை; மற்றவர்களுக்கும் புது ஸ்ட்ரைக்கரில் ஆடிய சந்தோஷம். பொருளை வீட்டுக்கு அனுப்பினேன். கூடவே பையனையும் அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் விலை உயர்ந்த பேட்டோ, பந்தோ, பொம்மையோ இருக்கலாம். அதை ஒளித்து வைக்க வேண்டாம். காட்டிப் பீற்றிக்கொள்ளவும் வேண்டாம். "இதை வைத்து ஆடலாமா?" என்று முதலில் கேளுங்கள். உங்களிடம் அது இல்லையா? "முடியாது" என்று முகத்தைத் திருப்புவதற்கு முன், "விதி என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். பொம்மையைக் கடையில் வாங்கலாம். எதிரே உட்கார்ந்து ஆட ஒரு நண்பன் கடையில் கிடைப்பானா?

என்ன குழந்தைகளே, சரிதானே!