கடலுக்கு லீவு விட்டாச்சு!

"இன்னிக்குக் கப்பல் இல்லை."

கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் இதை இந்தியில் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்தி 'நஹி'யோடு நின்றுவிடும் என்றாலும் புரிந்துவிட்டது. "நாளைக்கு?" என்று கையாலேயே கேட்டேன். அவர் மேலே பார்த்தார். ஃபேனைப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை... ஆகாயத்தைப் பார்த்திருக்கிறார்!

இடம்: அந்தமானில் ஹேவ்லாக் தீவு. (2018 டிசம்பரில் 'ஸ்வராஜ் த்வீப்' என்று பேரை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஊர் வாயில் ஹேவ்லாக்தான். நாம் மவுண்ட் ரோடை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோமே, அது மாதிரி. 2024-ல் போர்ட் பிளேயரும் ஸ்ரீ விஜயபுரமாகிவிட்டது.)

சில வருஷங்களுக்கு முன், ஒரு டிசம்பர் முதல் வாரம். கடலுக்கு அடியில் மீனோடு மீனாக நீந்தும் 'ஸ்கூபா டைவிங்' பற்றிக் கட்டுரை எழுதலாம் என்று போயிருந்தேன். சொந்தக் காசில். ஃப்ரீலான்ஸ் என்றால் எல்லாமே ஃப்ரீ என்று நினைக்கும் ஆத்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன். என் மாமனார் உள்பட.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டைவிங். இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டியாச்சு. திங்கள் காலை எழுந்து பார்த்தால், கடலுக்கு லீவு விட்டுவிட்டார்கள்! பெரிய கப்பல் கிடையாது, சின்னப் படகு கிடையாது, ஸ்கூபாவும் கிடையாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வாம்.

நம்ம ஊரில் 'நாகை, கடலூர் துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது' என்று ரேடியோவில் வந்தால், ஸ்கூல் லீவா இல்லையா என்பதோடு நம் கவலை முடிந்துவிடும். ஒன்றும் இரண்டும் 'புயல் எங்கேயோ தூரத்தில்' என்று சொல்லும் நம்பர்கள். அப்படியே ஏறிக்கொண்டே போய் பதினொன்றில் முடிகிறது. நமக்கு அவ்வளவுதான் விஷயம். ஆனால், நம் ஊருக்கு வரும் பல புயல்களுக்குப் பிரசவம் பார்ப்பதே அந்தமான் பக்கத்துக் கடல்தான். இங்கே வந்து மரத்தைச் சாய்க்கும் ஆசாமி, அங்கே தொட்டிலில் கிடக்கும்போதே கப்பலை நிறுத்திவிடுகிறான்.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 5-ஆம் தேதி வாக்கில் ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டூரிஸ்ட்டுகள் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் நேவி நான்கு கப்பல்களை அனுப்பி மீட்டது. ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாசம்கூட ஆகாத நேரம் வேறு! பையில் எத்தனை பேரிடம் சில்லறை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே சுழல்தான் வளர்ந்து, 'வர்தா' என்று பேர் வாங்கிக்கொண்டு, டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்டது. நமக்கு அது ஒரு நாள் கூத்து. அவர்களுக்கு ஒரு வாரம்.

நான் என் இரண்டாயிரத்தைத் தேடி டைவிங் கடைக்குப் போனேன்.

சுவரோரம் அலுமினிய சிலிண்டர்கள், கேஸ் ஏஜென்ஸி கோடவுன் மாதிரி வரிசையாக நின்றன. 'வெட் சூட்' எல்லாம் பேருக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல் கருவாடாகக் காய்ந்து தொங்கின. ஓனர் கோயமுத்தூர்க்காரர். பம்ப்செட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கடலில் குதித்தவர். நிஜமாகவே!

"தண்ணிக்குள்ள போறவனுக்கு மழை பெஞ்சா என்ன சார்? எப்படியும் நனையத்தானே போறோம்?" என்று என் அறிவைக் காட்டினேன்.

"உள்ள போறது பிரச்னை இல்லீங்க. வெளிய வர்றதுதான்" என்றார். "முதுகுல பதினஞ்சு கிலோ சிலிண்டர். படகு ஒரு ஆள் உயரம் ஏறி இறங்குது. அந்த ஏணியை எப்படிப் புடிப்பீங்க? தலையிலதான் அடிக்கும். அப்புறம், அடியில மணல் கிளம்பி எல்லாம் பால் காப்பி மாதிரி ஆயிடும். மீன் உங்க மூக்குல இடிச்சாத்தான் மீன்னு தெரியும்."

சரி, லீவு விட்டது நியாயம்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

ஹேவ்லாக்கில் டைவிங் கடைகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. போஸ்ட் கார்டில் வருமே ராதாநகர் பீச், அது மேற்கே. டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்து கடை வாசலிலேயே மோதும். மே மூன்றாவது வாரம் வாக்கில் தென்மேற்குப் பருவம் (கேரளாவுக்கு முன்னாலேயே அந்தமானுக்கு வந்துவிடும்) ஆரம்பித்தால் தலைகீழ். மேற்குக் கரை கொந்தளிக்கும். நடுவில் தீவே சுவராக நின்று காற்றை மறைப்பதால், கிழக்குக் கரை பல நாள் சாதுவாக இருக்கும்.

"அப்ப ஜூன்லயும் டைவிங் பண்ணலாமே?"

"பண்ணலாங்க. யாரை வெச்சுப் பண்றது? ஆள் வரணுமே!"

இதுதான் அந்தத் தொழிலின் கழுத்தில் இருக்கும் கத்தி. ஹேவ்லாக்குக்கு விமானம் கிடையாது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் சீட்டு விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதுவும் நோயாளிக்குப் போக மிச்சம். புயலில் அதுவும் பறக்காது. மற்றவர்களுக்குக் கப்பல் ஒன்றே வழி. தனியார் கப்பல் என்றால் ஒன்றரை, இரண்டு மணி. அரசாங்கக் கப்பல் என்றால் இரண்டரை மணி. அந்தத் திறந்த கடலில் அலை எழும்பிவிட்டால், கடை வாசலில் கடல் குளம் மாதிரி கிடந்தாலும் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

மெக்ஸிகோவில் கொசுமெல் என்று ஒரு தீவு இருக்கிறது. டைவிங்குக்கு உலகப் பிரசித்தம். குளிர்காலத்தில் 'நோர்ட்டே' என்கிற வடகாற்று அடித்தால் அங்கேயும் துறைமுக அதிகாரி சின்னப் படகுகளுக்குக் கடலை மூடிவிடுவார். ஆனால் தீவிலேயே ஏர்போர்ட் இருக்கிறது. ஆள் பாட்டுக்கு வந்து இறங்கிக்கொண்டிருப்பான். இரண்டு நாள் கழித்துக் கடலைத் திறந்தால் அவனையே கூட்டிக்கொண்டு போகலாம். ஹேவ்லாக்கில் கடலும் மூடுகிறது, வாசலும் மூடுகிறது.

அடியேன் பி.காம். எத்தனையோ வருஷமாக அந்தப் பட்டத்துக்கு உபயோகமே இல்லாமல் இருந்தது. மழையும் விடவில்லை என்பதால் அவருடைய நோட்டை வாங்கிப் புரட்டினேன். அவர் எண்களை அப்படியே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஒரு உதாரணம். ஆளுக்கு நாலாயிரம் ரூபாய், நாளைக்குப் பத்து பேர், ஐந்து நாள் லீவு என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சம் போச்சு. மிச்சமாவது என்ன? படகுக்கு டீசல், சிலிண்டரில் காற்று அடைக்கும் செலவு, வாழைப்பழம், பிஸ்கட். மிச்சமாகாதது? வாடகை, சம்பளம், படகுக் கடன், கம்ப்ரஸர் கடன்.

ஜவுளிக் கடையில் இன்றைக்கு விற்காத புடவையை நாளைக்கு விற்கலாம். ஆடியில் தள்ளிவிடலாம். டைவிங் படகில் இன்றைக்குக் காலியாகப் போன சீட்டு, சினிமா தியேட்டரின் நேற்றைய மார்னிங் ஷோ மாதிரி. போனது போனதுதான். "அடுத்த வாரம் வாங்க" என்றும் சொல்ல முடியாது. வருகிறவர் யார்? நம்மை மாதிரி ஆபீஸ் போகிறவர். மேனேஜர் காலில் விழுந்து ஐந்து நாள் லீவு வாங்கி வந்தவர்.

"இன்ஷூரன்ஸ்?" என்றேன், கெத்தாக.

அவர் சிரித்தார். சிரித்த பிறகுதான் எனக்கும் இரண்டாம் வருஷப் பாடம் ஞாபகம் வந்தது. தீ இன்ஷூரன்ஸோடு சேர்த்து 'லாஸ் ஆஃப் பிராஃபிட்' என்று ஒரு பாலிசி எடுக்கலாம். ஆனால் சொத்துக்குச் சேதம் ஆகி, அதனால் வியாபாரம் நின்றிருந்தால்தான் அது பணம் தரும். இங்கே படகு உடையவில்லை, கம்ப்ரஸர் எரியவில்லை, கூரையில் ஓர் ஓடு நகரவில்லை. கஸ்டமர் மட்டும் வரவில்லை. எதை போட்டோ பிடித்து அனுப்புவார்?

இன்னொரு கூத்து. நான்கு நாள் 'கோர்ஸ்' என்று ஒன்று உண்டு. முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை போக சர்ட்டிஃபிகேட். இரண்டாம் நாளில் புயல் வந்துவிட்டால்? முடித்த வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் மீதியை வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் முடிக்கலாம். பாண்டிச்சேரியில்கூட. "நான் நாத்து நட்டு வெச்சா, அறுவடை பாண்டியிலங்க" என்றார் ஓனர்.

இத்தனையிலும் தீவில் எல்லோருக்கும் நஷ்டமா என்றால், அதுவும் இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் எங்கேயாவது தூங்க வேண்டும், எதையாவது தின்ன வேண்டும். லாட்ஜும் டீக்கடையும் நிரம்பி வழிந்தன. மூன்றாம் நாள் ஆம்லெட் விலை ஏறியது. (நான்காம் நாள் ஆம்லெட்டே இல்லை. முட்டையும் கப்பலில்தானே வரவேண்டும்!) என் லாட்ஜில் ஒரு தேனிலவு ஜோடி. முதல் நாள் ஒரே குடையில் போனார்கள். நான்காம் நாள் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் அம்மாவுக்கு சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கடையில் வேலை பார்க்கும் பையன்கள்தான் பாவம். சொல்லித்தருகிற இன்ஸ்ட்ரக்டர்களுக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம். மீதியெல்லாம் எத்தனை பேரை உள்ளே கூட்டிப் போனாய் என்ற கணக்கில். ஒருவன் தூத்துக்குடிப் பையன். தங்கை கல்யாணம் தை மாசம். "டிசம்பர், ஜனவரிதாண்ணே எங்களுக்கு தீபாவளி" என்றான். அன்றைக்கு அவன் செய்த வேலை, ஏற்கெனவே துடைத்த கண்ணாடி முகமூடிகளை மறுபடி துடைத்தது. சாயங்காலம் இன்னொரு தடவை துடைத்ததையும் பார்த்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் மழை விட்டது. காற்றும் அடங்கியது. கடைக்கு ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல வசதி என்று செருப்பே சொன்னது. "நாளைக்குக் கப்பல் விடறாங்களாம். அதுக்குள்ள ஒரு தடவை உள்ள கூட்டிட்டுப் போங்க. டபுள் தர்றேன்."

தூத்துக்குடிப் பையன் முகமூடியோடு எழுந்தே நின்றுவிட்டான்.

ஓனர் இரண்டே கேள்வி கேட்டார். "நாளைக்குக் காலையில முதல் கப்பலா?" ஆமாம். "அப்படியே ஃப்ளைட்டா?" ஆமாம், பத்தரைக்கு.

"ஸாரிங்க."

ஏன் என்றால், ஆழத்தில் மூச்சு விடும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், அழுத்தம் குறைந்து, கோலி சோடாவைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழ் கிளம்பலாம். ஒரு தடவை மூழ்கியவர் 12 மணி நேரமாவது, பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமாவது பறக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. இவர் மூன்று மணிக்கு மூழ்கி நாலுக்கு வெளியே வந்தாலும், விதிக்குள் இருந்திருக்கலாம். ஆனால் கடலைத் திறந்ததாக இன்னும் யாரும் சொல்லவில்லையே! "நாளைக்கு ஃப்ளைட் இல்லாதவரா இருந்தாலும், ஆர்டர் வராம படகை எடுக்க மாட்டேங்க" என்றார் ஓனர். ஜீப் புழுதியே கிளப்பாமல் (அவ்வளவு சேறு) கோபமாகத் திரும்பிப் போனது. பையன் உட்கார்ந்து அடுத்த முகமூடியை எடுத்தான்.

மறுநாள் ஆர்டர் வந்தது. கப்பலும் வந்தது. கடல் திறந்துவிட்டது, இனி வியாபாரம் ஜோராக நடக்கும் என்று நான் நினைத்ததுதான் இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய முட்டாள்தனம். தீவில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே குறி, கப்பல் டிக்கெட். ஐந்து நாள் கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினார்கள். வரவேண்டியவர்களோ சென்னையிலும் கொல்கத்தாவிலும் டி.வி.யில் வங்கக் கடலின் வெள்ளைச் சுழலைப் பார்த்துவிட்டு, என்றைக்கோ கேன்சல் செய்துவிட்டார்கள். மூடியது ஐந்து நாள். காலியாகக் கிடக்கப் போவது எட்டோ பத்தோ! அந்த நாட்களை எந்த ஆர்டரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜெட்டியில் ஓனர் கடைப் பேர் எழுதிய போர்டோடு நின்றுகொண்டிருந்தார். பதினோரு பேர் புக்கிங். இறங்கியவர்களில் ஒரே ஒருவர் போர்டைப் பார்த்து நேராக அவரிடம் வந்தார். ஓனர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"ஜெனரேட்டர் ரிப்பேருக்கு வந்திருக்கேன். பவர் ஹவுஸ் எந்தப் பக்கம்?"

வழி சொல்லி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். என் இரண்டாயிரம். நான் மறுபடி கேட்கவே இல்லை. 'நீங்களே வெச்சுக்கங்க, அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். மனசும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கை, மனசைக் கேட்காமலே கவரை வாங்கி உள்ளே வைத்துவிட்டது. பி.காம். கை!

"அடுத்த தடவை கட்டாயம் வர்றேன் சார்" என்றேன், ஈடுகட்ட.

"பிப்ரவரியில வாங்க. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், மேலே பார்த்தார்.